ஆச்சியின் ராணி ரூபாயும் என் ரப்பர் பேண்டும்

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறி வைத்து நன்றாக இருக்கிறான். பத்தாம் வகுப்பில் என்னிடம் வேதியியல் படித்தவன்.

"சார், நல்லாருக்கியளா? ஒரு சந்தேகம் சார். வெள்ளிக் கட்டி வாங்கியிருக்கேன். அரைக் கிலோ. வீட்டுலதான் வச்சிருக்கேன். கறுக்காம எப்படி சார் வைக்கிறது?"

அவன் மட்டுமில்லை. 2025 அக்டோபரில் சென்னையில் வெள்ளி கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டியதிலிருந்து, டீக்கடையில்கூட வெள்ளிப் பேச்சுதான். தங்கத்துக்கு எட்டாதவர்கள் வெள்ளிக்கு வந்திருக்கிறார்கள். நூறு கிராம், கால் கிலோ என்று கட்டியாக வாங்கி பீரோவில் வைக்கிறார்கள்.

"சாயங்காலம் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. முப்பத்து நாலு வருஷம் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் வாத்தியாரே தோற்றுப்போன கதை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை எழுதிவிட்டு அவனுக்குப் பதில் சொல்லலாம் என்று தோன்றியது. கதை கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

குலுக்கைக்குள் இருந்த கலயம்

எங்கள் பூர்வீகம் குருவிகுளம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். ஆச்சி வீட்டில் கம்பு போட்டு வைக்கிற மண் குலுக்கை ஒன்று உண்டு. ஆள் உயரம். மேலே மூடி, கீழே ஒரு ஓட்டை, அதற்குத் துணி அடைப்பு. அந்தக் குலுக்கையின் அடியில், கம்புக்குள் புதைத்து, ஒரு சின்ன மண் கலயம் இருந்தது. கலயத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, மேலே களிமண் பூசியிருக்கும். உள்ளே 61 வெள்ளி ரூபாய். எல்லாமே விக்டோரியா ராணி தலை போட்டவை.

நான் அதைப் பார்த்தது 1963 வாக்கில். எனக்கு எட்டு வயது. குலுக்கையைக் காலி செய்து சாணி மெழுகும்போது ஆச்சி கலயத்தைத் திறந்து எண்ணுவாள். ரூபாய்கள் பளபளப்பாக இருக்காது; கறுப்பாகவும் இருக்காது. மழை மேகம் மாதிரி ஒரு சாம்பல் நிறம். நான் ஒன்றை எடுத்துச் சட்டையில் தேய்க்கப் போனேன்.

"ஏல, தேய்க்காத. ஈரக்கையோட தொடவும் செய்யாத. வெள்ளிக்கு ரோசம் சாஸ்தி. காசைக் கழுவினா லட்சுமி போயிருவா."

எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் சில ரூபாயில் ராணி வெறும் தலையோடு இருப்பதையும், சிலவற்றில் கிரீடம் வைத்திருப்பதையும் பிரித்து அடுக்கி வைப்பாள். பின்னாளில் நான் எழுத்தைப் படித்துப் பார்த்தேன். சிலவற்றில் 'விக்டோரியா க்வீன்' என்றும், சிலவற்றில் 'விக்டோரியா எம்ப்ரஸ்' என்றும் இருந்தது. 1877க்குப் பிறகு வந்தவைதான் சக்கரவர்த்தினி என்று போட்டவை.

இந்த 61 ரூபாய் ஆச்சியின் மாமியார் கொடுத்தது. கரிசல்காட்டு மானாவாரிக் குடும்பத்துக்கு இவ்வளவு வெள்ளி எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் எனக்கு வெள்ளியின் வரலாறு பிடிபட்டது.

கடல் வழியாக வந்த வெள்ளி

தமிழ்நாட்டு மண்ணில் தங்கம் கொஞ்சம் கிடைத்ததுண்டு. வெள்ளி கடல் தாண்டித்தான் பெரும்பாலும் வந்தது. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் ஒரு பானை கிடைத்தது. அதில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காலத்தவை. 1800இல் பொள்ளாச்சியிலும் இப்படி ஒரு பானை அகப்பட்டது. மிளகும் மணிக்கல்லும் துணியும் போயின, வெள்ளி வந்தது. வந்ததை மண்பானையில் போட்டுப் புதைத்தார்கள். எங்கள் ஆச்சியின் கலயத்துக்கு முன்னோடி அது. புதைத்தவர்கள் திரும்ப வந்து எடுக்கவில்லை என்பதால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் மெக்சிகோவிலும் பொலிவியாவின் பொட்டோசியிலும் வெட்டிய வெள்ளி ஐரோப்பியக் கப்பல்களில் இங்கே வந்தது. ஆனாலும் சென்னை மாகாணத்தில் கணக்கு வராகனில்தான். 1801இல் திருநெல்வேலிச் சீமை முழுதாகக் கம்பெனி கைக்குப் போன பிறகும் வராகன், பணம், காசு என்றுதான் பேசினார்கள். 1818இல் வராகனுக்குப் பதில் வெள்ளி ரூபாயைக் கணக்கு நாணயமாக்கினார்கள். மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று மாற்று விகிதம். 1835இல் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெய்ன். அதில் 165 கிரெய்ன் சுத்த வெள்ளி, மீதி செம்பு. இன்றைய கணக்கில் 11.66 கிராம் காசு, 10.69 கிராம் வெள்ளி.

இந்த எடைதான் ஒரு தோலா. அதனால் ரூபாயே எடைக்கல்லும் ஆனது. 80 ரூபாய் வைத்தால் ஒரு சேர். எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் சுக்கு மிளகைக்கூட "ஒரு ரூவா எடை" என்று ராணி ரூபாயை வைத்து நிறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த 'ரூபாய் எடை'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இனி எங்கள் கரிசல் காட்டுக்கு வருவோம். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் போன பருத்தி நின்றது. மான்செஸ்டர்க்காரர்கள் இந்தியப் பருத்தியைத் தேடினார்கள். திருநெல்வேலிப் பருத்திக்குச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. கோவில்பட்டி, சங்கரன்கோவில், விளாத்திகுளம் காட்டுப் பருத்தி மாட்டு வண்டியில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. அதற்கு ஈடாக இந்தியாவுக்கு வெள்ளி கப்பல் கப்பலாக வந்தது. நாணயச் சாலையில் அது ரூபாய் ஆனது. ரூபாயில் கொஞ்சம் வரிக்குப் போனது. மிச்சம் தட்டான் கையில் தண்டை, கொலுசு, அரைஞாண் கொடி ஆனது. அதிலும் மிச்சம் கலயத்துக்குள் போனது.

போர் 1865இல் முடிந்தது, பருத்தி விலையும் விழுந்தது. பத்து வருஷம் கழித்து 1876–78இல் தாது வருஷப் பஞ்சம். கலயமும் கொலுசும் எதற்கு என்று ஜனங்களுக்குப் புரிந்த காலம் அது. மழை இல்லாதபோது காட்டை விற்க முடியாது, மாட்டை விற்க முடியாது; எல்லாருமே விற்கிறார்கள். வெள்ளியை மட்டும் விற்கலாம். அந்தப் பஞ்ச வருஷங்களில் நாணயச் சாலைக்கு நகை நகையாக உருக்க வந்தது என்று அன்றைய அரசாங்கமே பதிவு செய்திருக்கிறது. "கால்ல கிடந்த தண்டை வயித்துக்குள்ள போச்சு" என்று ஆச்சி, தன் மாமியார் சொன்னதாகச் சொல்வாள். நகை போய், காசு மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

செல்லாமல் போன ராணி

ஆச்சி மாமியார் காலத்தில் ரூபாயை உருக்கிக் கொலுசு செய்யலாம். கொலுசை நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாகவும் அடித்து வாங்கலாம். இரண்டும் ஒன்றுதான். ஜெர்மனியும் மற்ற நாடுகளும் 1870களில் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்குப் போனதும் உலகச் சந்தையில் வெள்ளி விலை இறங்கிக்கொண்டே வந்தது. 1893 ஜூனில் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளிக்குக் கதவைச் சாத்தின. அன்றைக்குப் பிறகு ரூபாய் வேறு, வெள்ளி வேறு. வீட்டில் இருந்த வெள்ளி நகையின் மதிப்பு, யாரும் திருடாமலே குறைந்தது.

முதல் உலகப் போரில் நிலைமை தலைகீழ். வெள்ளி கிடைக்கவில்லை. 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். ஜனங்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள்; கொடுத்ததெல்லாம் வீட்டுக்குள் போய்ப் பதுங்கியது. 1918இல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி சுமார் 20 கோடி அவுன்ஸ் இந்தியாவுக்கு விற்றுக் கைகொடுத்தது.

இரண்டாம் உலகப் போரில் அரசாங்கம் உஷாராகிவிட்டது. 1940இல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பழைய விக்டோரியா ரூபாய் 1941க்குப் பின் செல்லாது என்று அறிவித்தது. தாத்தா பதறிப்போய், "எல்லாத்தையும் எடு, தாலுகா கஜானாவுல மாத்திட்டு வந்திருதேன்" என்றிருக்கிறார். ஆச்சி பாதியைத்தான் எடுத்துக் கொடுத்தாளாம். மீதியைப் பற்றிக் கேட்டதற்கு, "செலவாயிட்டு" என்று ஒரே வார்த்தை. தாத்தா சாகும்வரை அந்தக் கலயம் அவருக்குத் தெரியாது என்பது எங்கள் வீட்டுச் சிரிப்புக் கதை.

1947இல் ரூபாயில் மிச்சமிருந்த வெள்ளியும் போய் நிக்கல் ஆனது. கணக்குப் பார்த்தால் ஆச்சி செய்ததே சரி. தாத்தா வாங்கி வந்த நோட்டு என்ன ஆனதோ! ராணி ரூபாயில் இருக்கும் வெள்ளிக்கு மட்டும், கிலோ 2 லட்சம் என்றால், 2,100 ரூபாய்க்கு மேல்.

கலயத்திலிருந்து ஒரே ஒரு ரூபாயை ஆச்சி எடுத்து நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆடி மாதம், வீட்டுக்குள் இரண்டு முறை நல்லபாம்பு வந்துவிட்டது. கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். சங்கரன்கோவிலில் பாம்பு, தேள், கை, கால் என்று தகட்டில் அடித்த உருக்களை வாங்கி உண்டியலில் போடுவது உங்களில் பலருக்குத் தெரியும். ஆச்சிக்குக் கடை உரு திருப்தியில்லை. ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு ராணி ரூபாயைக் கொடுத்தாள். அவர் குமுட்டியில் கரி போட்டு, ஊதுகுழலால் ஊதி உருக்கி, தகடாகத் தட்டிப் பாம்பு உரு செய்தார். சூட்டிலிருந்து எடுத்தபோது கன்னங்கரேலென்று இருந்தது. புளித் தண்ணீரில் போட்டார்; வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். வேதியியல் படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மீதி 60. ஆச்சி காலமான பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20 என்று பிரித்தார்கள்.

வாத்தியார் செய்த காரியம்

எங்கள் வீட்டில் இன்னொரு வெள்ளிச் சாமானும் இருந்தது. அம்மாவின் வெள்ளிக் கும்பா. 1950இல் கல்யாணச் சீராக வந்தது. அடியில் அம்மா பெயரின் நாலு எழுத்து, உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதை விபூதி போட்டு விளக்கி, பால் ஊற்றிச் சாமி முன்னால் வைப்பாள். எனக்கும் தங்கச்சிக்கும் முதல் சோறு ஊட்டியது அதில்தான்.

2008இல் அம்மா இறந்தாள். சாமான்களைப் பிரிக்கும்போது தங்கச்சி ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணே, வேற எதுவும் வேண்டாம். அம்மா பேர் போட்ட கும்பா மட்டும் எனக்கு." அவள் அப்போது வாடகை வீட்டில் இருந்தாள். "சொந்த வீடு கட்டினதும் வாங்கிக்கிடுதேன், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

நான் பத்திரப்படுத்தினேன். எப்படி? 20 ரூபாயையும் செய்தித்தாளில் சுருட்டி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டேன். கும்பாவையும் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்டு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பழைய கம்பளிச் சால்வைக்குள் வைத்து, பீரோவின் அடித்தட்டில் தள்ளினேன். பீரோ இருந்தது சமையலறையை ஒட்டிய சுவர். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர் ஓதம் காக்கும்.

ஆறு வருஷம் கழித்து தங்கச்சி புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தாள். எடுத்துப் பார்த்தேன். கும்பா ஊதாவும் கறுப்புமாக இருந்தது. ரப்பர் பேண்டு கிடந்த இடத்தில் சூடு வைத்தது போலக் கன்னங்கரிய கோடு. ரூபாய்ச் சுருளில் இரண்டு ஓரத்திலும் அதே கோடு.

வகுப்பில் வருஷாவருஷம் நான் நடத்திய பாடம்: 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று கண்டுபிடித்தார். அடுத்த மாதமே இன்னொரு பாடம்: வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் கறுப்பு நிற வெள்ளி சல்பைடு. இரண்டையும் தனித்தனியாக நடத்தினேன். வீட்டில் இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பால் காய்ச்ச நாலு நாள்தான் இருந்தது. பாத்திரம் விளக்கும் பவுடரை எடுத்து ரூபாய்களைத் தேய்க்கத் தொடங்கினேன். ஏழு ரூபாய் முடித்தபோது கை வலித்தது. கும்பாவை டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பால் காய்ச்சு முடிந்து தங்கச்சி கும்பாவைக் கையில் வாங்கினாள். முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தாள். விரலால் அடியைத் தடவினாள். ஒரு பக்கம் தடவி, பிறகு மறுபக்கம்.

"இங்கனதான இருந்துச்சு?"

ஏற்கெனவே அம்மா ஐம்பது வருஷத்துக்கு மேல் விபூதி போட்டு விளக்கி மெலிந்திருந்த எழுத்து. மிச்சமிருந்த புள்ளிகளைச் சக்கரம் வழித்துவிட்டது. தங்கச்சி என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு, பாம்பு உரு செய்த ஆசாரியின் பேரனிடம் ரூபாய்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். தேய்த்த ஏழையும் தேய்க்காத பதின்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேய்த்தவற்றில் ராணியின் சட்டைப் பூவேலை மழுங்கியிருந்தது. "சார், இந்த ஏழையும் இனி வெள்ளி விலைக்குத்தான் எடுப்பாங்க. அந்தக் கறுப்புக்குத்தான் காசு சேக்கிறவங்க கூடக் கொடுப்பாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, அம்மாவின் கல்யாணச் சீர்ச் சீட்டைத் தேடி எடுத்தேன். அதில் இருந்தது: 'வெள்ளிக் கும்பா 1க்கு 21 ரூபாய் எடை.' 21 தோலா என்றால் சுமார் 245 கிராம். தங்கச்சியிடம் சொல்லி எடை போடச் சொன்னேன். 231 கிராம். அந்தக் காலத்தில் தேய்ந்த ரூபாயை வைத்து நிறுத்திருந்தால் இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் வரலாம். அதைக் கழித்தாலும் ஏறக்குறைய ஒரு ராணி ரூபாய் எடை வெள்ளி, அறுபது வருஷத்தில் விபூதியோடும் சக்கரத் துணியோடும் போயிருக்கிறது. நகைக்கடையில் சேதாரம் என்று போட்டால் சண்டை பிடிக்கிறோம். வீட்டில் நாமே போடுகிற சேதாரத்துக்கு யாரும் ரசீது தருவதில்லை.

ஆச்சிக்குத் தெரிந்தது

ஆச்சியின் கலயத்தில் வெள்ளி ஏன் கறுக்கவில்லை? வெள்ளியைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. சாக்கடை, அழுகிய பொருள், முட்டை, வெங்காயம், பூண்டு என்று பல இடங்களிலிருந்து வருகிறது. காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே வெள்ளிக்குத் தெரிந்துவிடும். ஈரம் அதற்குத் துணை. ஈரக் காற்றில் வேகமாக நடக்கும். குலுக்கைக்குள் காய்ந்த கம்பு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. களிமண் பூசிய வாய் காற்றை மறிக்கிறது. துவைத்து நைந்த பருத்தித் துணியில் கந்தகம் சேர்ந்த சரக்கு ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறைதான் திறப்பு, அதுவும் வெயில் காலத்தில். இதற்கு மேல் ஒரு வேதியியல் வாத்தியார் என்ன சொல்லிக்கொடுப்பது?

இன்னொன்று. கறுத்ததால் வெள்ளி குறைவதில்லை. அந்தப் படலம் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. எடைக்கும் மாற்றுக்கும் ஒரு குறையும் இல்லை. நாம் அதைச் சுரண்டும்போதுதான், படலத்தோடு அடியிலிருக்கும் நல்ல வெள்ளியும் போகிறது.

மாணவனுக்குச் சொன்னது

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன். சொன்னது இதுதான்.

கட்டி சீல் வைத்த உறையில் வந்திருந்தால் அதைப் பிரிக்காதே. உறையில் உள்ள எண்ணும் கட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார், ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள். பிரித்துவிட்டாய் என்றால், ஓரத்தைப் பிடித்து எடு, சுத்தமான பருத்தித் துணி வழியாக எடு. விரல் வேர்வையும் கறை போடும்.

துவைத்து, கஞ்சி போடாமல் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்று. பிறகு வாயை அழுத்தி மூடும் பாலித்தீன் பையில் போடு. வாசனை அடிக்கும் மெத்து பிளாஸ்டிக் வேண்டாம். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. நிறம் மாறும் வகை என்றால், மாறியதும் புதிதாக வை. சாக்பீஸ் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஜிப்சம். கொஞ்சம் ஈரம்தான் இழுக்கும். முப்பத்து நாலு வருஷம் சட்டைப்பையில் வைத்திருந்தவன் சொல்கிறேன்.

செய்தித்தாள், ரப்பர் பேண்டு, கம்பளி மூன்றும் கூடவே கூடாது. சமையலறைச் சுவர், குளியலறைச் சுவர், ஓதம் ஏறும் சுவர் வேண்டாம். பங்குனி, சித்திரையில் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும், அடைமழையில் திறக்காதே.

மீறிக் கறுத்தால் கட்டியைத் தேய்க்காதே. கண்ணாடிப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, மேலே வெள்ளியை வைத்து, கொதிக்கிற தண்ணீரும் ஒரு கரண்டி ஆப்ப சோடாவும் கொஞ்சம் உப்பும் போடு. வெள்ளி தாளைத் தொட்டிருக்க வேண்டும். கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும், வெள்ளி வெள்ளியாகவே திரும்பி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வரும். அது கந்தகம் போகிற நாற்றம். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடு. கல் வைத்த நகைக்கும், வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாட்டுக்கும் இது ஆகாது. பழைய காசுக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். புளியும் வேண்டாம். ஆசாரி புளித் தண்ணீரில் எடுத்தது சூட்டில் வந்த செம்பின் கறுப்பு. கந்தகக் கறுப்புக்குப் புளி பலிக்காது.

"சார், அவசரத்துக்கு இதை வச்சு பேங்குல கடன் வாங்கலாமா?" என்று கேட்டான். ரிசர்வ் வங்கி 2025இல் கொண்டுவந்த விதிப்படி வெள்ளி நகைக்கும் காசுக்கும் ஒரு வரம்புக்குள் கடன் உண்டு, கட்டிக்குக் கிடையாது. அதையும் சொன்னேன். "அப்போ கொலுசாவே வாங்கியிருக்கலாமோ?" என்றான். கொலுசுக்குச் செய்கூலி உண்டே என்றேன். சிரித்தான்.

வீட்டில் யாராவது ஒருவருக்காவது வைத்த இடத்தைச் சொல்லி வை என்றேன். வெள்ளலூர்ப் பானைக்காரர் சொல்லாமல் போனதால் 1,800 வருஷம் மண்ணுக்குள் கிடந்தது.

எங்கள் வீட்டுப் பதின்மூன்று கறுப்பு ரூபாய்களும் இப்போது பருத்தித் துணியில், நான் சொன்ன மாதிரியே இருக்கின்றன. ரப்பர் பேண்டுக் கோட்டோடுதான். ஏழு பளபளப்பு ரூபாய்களும் மெல்ல மங்கிக்கொண்டு வருகின்றன; ஆச்சியின் சாம்பல் நிறத்துக்கு வர அவற்றுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகளுக்கு: 'இவற்றைக் கழுவாதீர்கள். ஆச்சி சொன்னாள்.'

கும்பா தங்கச்சி வீட்டில் இருக்கிறது. அவள் பேத்திக்குப் போன வருஷம் அதில்தான் முதல் சோறு ஊட்டினார்கள். நான் போயிருந்தேன். கழுவி வைக்கும்போது பார்த்தேன். விபூதி இல்லை, பவுடர் இல்லை. வெறும் தண்ணீரில் அலசி, பழைய சேலைத் துணியில் ஒற்றி எடுத்தாள். "இனிமே தேய்க்கிறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றாள்.

ஆசாரியிடம் சொல்லி அந்த நாலு எழுத்தைத் திரும்ப வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். இருந்த இடம் அவள் விரலுக்குத் தெரியுமாம்.